மூடியிருக்கும்வரை தாங்கும்

மார்ச் 4, செவ்வாய்

பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணின் பையில் வெல்க்ரோ. இறங்குவதற்குள் எத்தனை தடவை ‘சர்ர்’ என்று பிரித்து மூடினாள்! அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு ஆபீஸ் ஞாபகம். எங்கள் கம்பெனி செய்வதும் அதைத்தான், ஆனால் எஃகில். ஒரு பட்டையில் சின்னச் சின்னக் கொக்கிகள், இன்னொன்றில் துளைகள். சேர்த்து அழுத்தினால் ‘கிர்க்’ என்று பிடித்துக்கொள்ளும். துணி வெல்க்ரோ உருகி ஓடும் சூட்டிலும் இது அசையாது. உலையில் வைத்து இழுத்துப் பார்ப்பது என் வேலை.

அப்பா தன் தேய்ப்புக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை: “இரும்பை மாட்டிக் கழட்டவாடி காலேஜுக்குப் போன?” தங்கை விடுவாளா? “அக்கா வாயில மாட்டித்தான் டெஸ்ட் பண்றாங்கம்மா. பிரியவே மாட்டேங்குது பாரு.”

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். இந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை போனால் அப்பா கடையில் என்ன சொல்வார்?

மார்ச் 6, வியாழன்

பல்சக்கரங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு பட்டறையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உலையைச் சுற்றி வெப்பத் தடுப்புத் தகடுகள். நடுவில், உள்ளே பார்க்க வாரா வாரம் திறக்கும் ஒரு சின்னக் கதவு. இப்போது நட்டு போட்டு முடுக்குகிறார்களாம். சூட்டில் நட்டு இறுகிப்போய்த் திறக்கவே பெரும்பாடு. நம் பட்டை இருந்தால் கையால் இழுத்தே திறக்கலாமே என்று ஆசை.

மீட்டிங்கில் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “உலையில இழுத்துப் பார்த்தியே, தாங்குதா?”

“தாங்குது சார், ஆனா—”

“தாங்குதுல்ல? போதும்மா.” விற்பனைக்காரர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

என் ‘ஆனா’ மேசைக்கு அடியில் விழுந்து கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. நானும்தான்.

அந்த ‘ஆனா’ இதுதான். எங்கள் சோதனையில் சூடேற்றுவோம், இழுப்போம், பிடித்தால் பாஸ். பாஸான துண்டு மூடியபடியே மேனேஜர் ரூம் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். பிடித்துக்கொண்டதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. போன வாரம் அப்பாவிடம் காட்டப் பாதியைக் கொண்டுபோகலாம் என்று ஆறிய துண்டு ஒன்றைப் பிரித்தேன். மறுபடி மூடினேன். ‘கிர்க்’ வரவில்லை. லேசாக இழுத்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

சூட்டில் எஃகின் விறைப்பு போய்விடுகிறது. மூடியிருக்கும்வரை கொக்கிகள் மாட்டிய நிலையிலேயே கிடக்கும். ஒரு தடவை பிரித்தால் வளையும், நிமிராது.

மார்ச் 7, வெள்ளி

வேறு துண்டுகளிலும் பார்த்துவிட்டேன். எல்லாம் அப்படியே.

மார்ச் 9, ஞாயிறு

துணி மடிக்க உட்கார்ந்து ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். பட்டையில் குறை இல்லை. மாட்டும் இடம்தான் தப்பு. கூரைக்குள் வைக்கும் தகடு, சுவர் இடுக்கில் தீ தடுக்கும் பலகை — மாட்டினால் மாட்டியதுதான், யார் திறக்கப்போகிறார்கள்? பஸ் எஞ்சின் மூடியைத் திறப்பார்கள், ஆனால் அங்கே விறைப்பு போகிற அளவுக்குச் சூடு ஏறாது. இந்த உலைக் கதவு ஒன்றுதான் இரண்டும் சேர்ந்த இடம். அவ்வளவு சூடும் உண்டு, வாரா வாரம் திறக்கவும் வேண்டும். கதவு கழன்று விழுந்தால் முன்னால் நிற்கிற ஆள் மேல்தானே விழும்?

தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இதையே மேனேஜர்கிட்டயும் சொல்லேன்.”

“பாதியில நிறுத்திடுவார்டி.”

“நீ எதையும் ‘ஆமா’ன்னு ஆரம்பிக்கிற. கேக்கறவன் அந்த ‘ஆமா’வை எடுத்துக்கிட்டுப் போயிடறான். ‘இல்லை’ன்னு ஆரம்பி.”

இவளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

மார்ச் 11, செவ்வாய்

போனேன். மேனேஜரிடம் ‘இல்லை’ என்றுதான் ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லியும் முடித்தேன்.

“நாளைக்கு மாட்டப் போறோம், இப்ப வந்து சொல்றியே! அன்னைக்குத் தாங்குதுன்னு சொன்னது நீதானே?”

நான்தான்.

“கையுறை போட்டுத்தான் திறப்பாங்க. ஏதாவதுன்னா அப்புறம் பாத்துக்கலாம். நீயும் போ, சாம்பிள் பெட்டியைத் தூக்க ஆள் வேணும்.”

அப்புறம்னா எப்போ? விழுந்த அப்புறமா? கால்ல விழுந்த பிறகு எதைப் பாக்கறது? இதை அங்கேயே கேட்டிருக்கணும். படி இறங்கினப்புறம்தான் வாய்க்கு வருது. எப்பவும் இப்படித்தான்.

மார்ச் 12, புதன்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பட்டறை மேற்பார்வையாளர் ஒரு அம்மா. அந்த உலையைத் திறப்பதும் அவர்தான். புதுப் பட்டையைப் பிரித்து மூடிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். “அட, சுலபமா இருக்கே! வாரா வாரம் திறப்பேன். இந்தச் சூட்டுக்குத் தாங்குமா?”

“கல்லு மாதிரி நிக்கும் மேடம்” என்றார் விற்பனைக்காரர்.

“திறக்காதீங்க.”

சொன்னது நான். என்னை யாரும் கேட்கவில்லை.

“என்னம்மா? மிஷின் சத்தத்துல ஒண்ணும் விழல. கத்திச் சொல்லு.”

என்னைப் பார்த்துக் கத்திச் சொல்லு என்கிறார்! கத்தினேன். “மூடியே இருந்தா தாங்கும்! சூடேறின பிறகு ஒரு தடவை திறந்துட்டா அப்புறம் பிடிக்காது! கழண்டு உங்க மேல விழும்!” அந்த நேரம் பார்த்து மிஷின் நின்றுவிட்டது. கடைசி வார்த்தை பட்டறை முழுக்கக் கேட்டது. ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியில் நான் போட்டு வைத்திருந்த, சூடேறி ஆறிய துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார், மூடினார், இழுத்தார். வந்துவிட்டது.

விற்பனைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். “ஏங்க, இதைத்தான் என் தலையில கட்டப் பாத்தீங்களா?”

திரும்பும் வழியெல்லாம், வேன் ஓட்டிய விற்பனைக்காரர் தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 13, வியாழன்

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “கஸ்டமர் முன்னாடியா?” என்று மட்டும் கேட்டார்.

“உங்ககிட்ட முதல்ல சொன்னேன் சார்.”

இதைச் சொன்னதும் நான்தானா?

மார்ச் 20, வியாழன்

பட்டறையிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. கதவுக்குப் பழைய நட்டே இருக்கட்டுமாம். திறக்கவே திறக்காத மேல்தகடுகளுக்கு மட்டும் நம் பட்டை. கேட்டதில் கால்வாசிகூட இல்லை. விற்பனைக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார்.

மதியம் மேனேஜர் ரூம் கதவு சாத்தியிருந்தது. அலமாரிக் கண்ணாடி நகரும் சத்தம். பிறகு பட்டைகளைப் பிரிக்கும் சத்தம், ஒன்றன் பின் ஒன்றாக. மூடுகிற ‘கிர்க்’ ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஊர்ல இல்லாத உண்மை உனக்கு எதுக்குடி? எல்லாரும் மாதிரி வாயை மூடிட்டு இருந்தா என்ன?” அப்பா கேட்டது ஒன்றுதான்: “அந்தம்மா மேல ஒண்ணும் படலையே?”

“இல்லப்பா.”

“அப்ப சாப்பிடு.”

ஏப்ரல் 2, புதன்

வேறு வேலை தேடலாமா? தேடினால் என்ன சொல்லித் தேடுவது?

ஏப்ரல் 9, புதன்

டீ வந்ததும் எடுத்துக் குடிக்கப்போனேன். மேனேஜர் தன் போனோடு என் மேசைக்கு வந்து நின்றார். தீ பிடித்தால் மேலிருந்து இறங்கும் திரைகள் செய்கிறவர்களாம். மடிப்புகளைச் சேர்க்க நம் பட்டை ஆகுமா என்று கேட்கிறார்களாம்.

“எங்கே மாட்டலாம், எங்கே கூடாதுன்னு நீயே சொல்லிடு” என்று போனை நீட்டினார். ஆபீஸ் போன் மணி அடித்தாலே எழுந்து வெளியே போகிறவள் நான். வாங்கிக்கொண்டேன். எத்தனை சூடு, எவ்வளவு எடை தொங்கும், துவைக்கவோ பழுது பார்க்கவோ யாராவது கழற்றுவார்களா என்று கேட்டேன். அவர்கள் ஒன்று சொன்னால் நான் மூன்று கேட்டேன். மேனேஜர் போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பேசி முடித்துப் பார்த்தால் டீயில் கெட்டியாக ஆடை.