வலது வளைவில் மட்டும்

நவ. 12, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

வலது வளைவில் மட்டும் காரின் பின்பக்கம் ஏன் நழுவுகிறது? தெரியவில்லை. கல்லூரியில் வருடாவருடம் வண்டி சஸ்பென்ஷன் பாடம் எடுப்பவள் எழுதக்கூடாத வாக்கியம். எழுதிவிட்டேன்.

நேற்று நானே ஓட்டிப் பார்த்தேன், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை. நேர் ரோட்டில் குறையில்லை. இடது வளைவிலும் இல்லை. வலது வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் வெளியே போகப் பார்த்தது. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், பின்சக்கரம் தள்ளும் வண்டி. மன்னிக்காது.

இவர் சொன்னது: "உனக்கு இந்த வண்டி ஓட்ட வராது. விடேன்."

ஞாயிறு காலை இவரும் நண்பர்களும் மகாபலிபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரை கார்களில் ஓட்டம். பக்கத்து சீட்டில் எங்கள் பெண் யாழினி. அதனால் விட முடியாது.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. கேஸ் சிலிண்டரும் வரவில்லை.

பாஸ்கரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். இவருடைய லாரிகளையும் அவன்தான் பார்க்கிறான். பின்னால் எந்த ஆட்டம் என்றாலும் ஒரே வைத்தியம், ஷாக் அப்சார்பர் மாற்றுவது. போன மாதம் மாற்றியாயிற்று. நழுவல் அப்படியே.

கேட்பது நான். பதில் இவருக்குப் போகிறது.

"பின்வீல் அலைன்மென்ட் பாத்தீங்களா?"

"அலைன்மென்ட்டுன்னா முன்னாடிதான் சார். பின்னாடி இன்னா கீது, அது பாட்டுக்கு வருது."

"இதுல பின்னாடியும் அட்ஜஸ்ட் பண்ணலாம்."

"மேடம் புக்ல படிச்சிக்கீறாங்க சார்."

இவர் சிரித்தார், பாஸ்கரைவிடச் சத்தமாக. கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி எடுக்கச் சொன்னான். மறுபேச்சில்லாமல் செய்தார்.

நவ. 14, வெள்ளி

வெயில். கல்லூரிக்கு அரை நாள் லீவு, தலைவலி என்று.

பின் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டு ஒரு சுற்று. அப்போதும் வலது வளைவில்தான். ஆக, டயர் இல்லை. அடுத்து போர்டிகோவில் வண்டியின் இருபுறமும் நைலான் கயிறு கட்டிப் பின்சக்கரங்களின் கோணம், அதாவது அலைன்மென்ட், அளந்தேன். இரண்டும் சரி.

எதிர்வீட்டு சரஸ்வதி, காம்பவுண்டுக்கு மேலே தலை: "இன்னாக்கா, காருக்குப் பந்தலா?"

"ஆமா. வளைகாப்பு."

நிற்கும்போது சரி, ஓடும்போது தப்பு. வலது வளைவில் எடை இடது பின்சக்கரத்தில் இறங்கும். அப்போது மட்டும் அந்தச் சக்கரம் கோணம் மாறுகிறது என்றால், அதைப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை.

இடது பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கடப்பாரையால் நெம்பினேன். சக்கரத்தை உடம்போடு இணைக்கும் லோயர் ஆர்ம். அதன் முனையில் உள்ள ரப்பர் புஷ் வாய் பிளந்தது. நெம்பாதபோது பார்த்தால் புதுசு.

அந்த ஆர்மைப் போன வருடம் மாட்டியது பாஸ்கர். நானும் அங்கே நின்றிருந்தேன். வண்டி லிஃப்டில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கினான். இங்கே எல்லோரும் அப்படித்தான். வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். அன்றே சொன்னேன். இவர், "டீ குடிக்கிறியா?" என்றார்.

நவ. 15, சனி

மறுபடி மேகம். உளுந்து ஊறப் போட மறந்தேன்.

இடது பின் ஆர்மில் புஷ் கிழிந்திருக்கிறது என்று சொல்லி, காட்ட இவரைக் கூப்பிட்டேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சும்மா பேஜார் பண்ணாத. வண்டி நல்லாத்தான் கீது. வரேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நீங்க போங்க. அவ வேணாம்."

"அப்ப நான் போனா பரவால்லையா?"

யோசித்தேன்.

யாழினியிடம் சொன்னேன். "உங்க சண்டைய என் தலைல கட்டாதம்மா. நான் போறேன்." காலேஜ் போகிற பெண். கட்டிப் போட முடியாது.

சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே இவரிடம்: வலது வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், நடுவில் காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். ரசம் கேட்டார்.

பிறகு கார் சாவியை எடுத்து அரிசி டின்னில் போட்டேன். ஐம்பது வயது ஆகப்போகிறது. கேவலம். போட்டேன்.

நவ. 16, ஞாயிறு

எழுந்தபோது மழை. போர்டிகோ காலி. இன்னொரு சாவி லாரி ஆபீஸில் இருப்பதை நான் மறந்திருந்தேன்.

போன் செய்தேன். இரண்டு பேரும் எடுக்கவில்லை. குளிக்கவில்லை. டிபன் செய்யவில்லை. சரஸ்வதி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். எதையோ பறித்துக் கொடுத்தேன். இது மருதாணி என்று திரும்பி வந்தாள்.

மதியம் ஹாரன். இருவரும் முழுசாக. இவர் கையில் கடப்பாக்கத்து இறால்.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல."

சமையலறையில் யாழினி, குரலைத் தாழ்த்தி: "ரைட் கர்வ் வந்தா மட்டும் அப்பா மாட்டுவண்டி கணக்கா போனாரும்மா. அத்தனை பேரும் ஓவர்டேக் பண்ணிட்டாங்க. கேட்டா மழைன்றாரு. லெஃப்ட்ல பறக்கறாரு."

சாயங்காலம் இவர் ஹாலில் போனில். ஸ்பீக்கரில் பாஸ்கர்.

"எனக்கே ஒண்ணு தோணுச்சு பாஸ்கரு. லெஃப்ட் பின்னாடி ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கும். புதுசு போடு. தொங்கும்போது டைட் பண்ணாத, எறக்கி வெச்சிட்டுப் பண்ணு."

"நீங்க சொன்னா கரெக்டாதான் சார் இருக்கும்."

இறாலை உரித்து முடித்தேன். சாவி இன்னும் அரிசிக்குள்தான் கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை.