உன் பெயரில் மொட்டையடித்த சரிவு

இன்று காலை கொட்டகலையிலிருந்து திரும்பும்போது தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் பச்சை வாடை மூக்கில் ஏறியது. தேயிலைக் கொழுந்து வாடை இல்லை, வெட்டிப்போட்ட காட்டுச் செடிகளின் கசந்த வாடை. பைக்கை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஏறினேன். மேலே போய் நின்றதும் உன்னைத்தான் திட்டினேன். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அப்படி என்னடா அவசரம் உனக்கு?

நாம் வளர்த்த சரிவை மொட்டையடித்துவிட்டார்கள். மண்ணைப் பிடித்திருந்த போவிட்டியாப் புதர், மண்ணுக்குச் சத்துக் கொடுத்த முள்முருங்கை, குருவிகளை இழுத்துவந்த காட்டு அத்தி, நிழலில் தானாக முளைத்தவை, ஒன்றும் மிச்சமில்லை. பூ மரங்களை மட்டும் வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு எனக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கத்தியோடு நின்ற பெண் பெருமையாகச் சொன்னாள். "ஒரு புல்லுகூட இல்லாம வெட்டிட்டோம் கண்டாக்கையா. வெள்ளிக்கிழம அண்ணன் பேருல போர்டு தெறக்குறாங்கல்ல."

அவளை என்ன சொல்ல? தேயிலையைத் தவிர எது முளைத்தாலும் புல் என்றுதானே தலைமுறை தலைமுறையாக நம் கைக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

முன்பு அங்கே யூக்கலிப்டஸ் மட்டும் நின்றதும், மாசி பிறந்தால் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி வற்றிப்போய் லயத்துப் பெண்கள் கீழ் ஆற்றுக்குக் குடம் தூக்கியதும் தோட்டத்தை நடத்த வந்திருக்கும் இந்தப் புதுத் துரைக்கு எப்படித் தெரியும்? பழைய துரையிடம் நீ மல்லுக்கு நின்றது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, சட்டையில் சோக்குத்தூளோடு வந்திருந்தாய். ஒரே வகை மரம் நட்டால் என்ன என்று அவர் கேட்டார்.

"நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல எல்லாரையும் கொழுந்து பறிக்கவே அனுப்பிப் பாருங்க சார். தண்ணி ஓடுற கான் யாரு வெட்டுவா? புள்ள மடுவத்துல புள்ளைங்கள யாரு பாப்பா?" என்றாய். துரை சிரித்துவிட்டுச் சரிவைக் கொடுத்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாய்: "ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு மூணு வகை வேணும் மச்சான். ஒன்னு நோயில விழுந்தா இன்னொன்னு பாத்துக்கும்."

போன பங்குனியில்கூடப் பீலி வற்றவில்லை. விரல் தடிமனுக்கு ஓடியது. அதைப் பார்க்க நீ இல்லாதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேராக ஆபீசுக்குப் போனேன். "ஒங்க கூட்டாளிக்கு மரியாத செய்யத்தானே துப்புரவாக்குனேன்? காடு மாதிரி கெடந்துச்சு" என்றார் துரை.

"காடா வரணும்னுதான் சார் வளத்தோம்" என்று கத்திவிட்டேன். அந்த ஆபீசில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வேலை போகலாம், போகட்டும். வருகிற மாசியில் குடம் தூக்கப்போவது அவரா?

திரும்பவும் மேலே ஏறினேன். சில அடிக்கட்டைகளில் இன்னும் ஈரம் இருந்தது; வேர் பிடுங்கப்படவில்லை. அந்தப் பெண்களிடம், இனித் துளிர்ப்பதை யாரும் தொடக்கூடாது என்றேன். ஒருத்தி கேட்டாள்: "தொர கேட்டா?"

"என் பேரச் சொல்லுங்க."

பிறகு, வெள்ளிக்கிழமைக்காக அங்கே நட்டிருந்த கம்பத்திலிருந்து உன் பெயர் எழுதிய பலகையைக் கழற்றினேன். நல்ல பாரம். தோளில் வைத்துக்கொண்டு லயத்து வழியே இறங்கினேன். எல்லோரும் பார்த்தார்கள். வீட்டில்தான் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் கரைந்து ஓடப்போகிற மண்ணில் உன் பெயர் நிற்க வேண்டாம்.