நான்கு நாட்டு விலையும் அத்திப்பள்ளியும்

அன்புள்ள அண்ணே,

பென்ஷனுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு தாளைத் தேடி இன்று காலை பீரோவைக் கிளறினேன். அது கிடைக்கவில்லை. நான்கு கிராஃப் தாள்கள் கிடைத்தன. ‘பழைய ஸ்போர்ட்ஸ் கார்: நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவது ஏன்?’ என்று மேலே என் கையெழுத்து, அதன் அடியில் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் நீங்கள் வைத்த டீ கிளாஸின் வட்டம். உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் சங்கடம்.

நீங்கள் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன், நான் குவாலிட்டி. ஒரே தொழிற்சாலையில் முப்பது வருஷம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவன் என்பதால் என்னைக் கேலியாக ‘அண்ணாச்சி’ என்றீர்கள். மூன்று வயது மூத்தவர் என்று நான் உங்களை ‘அண்ணே’ என்றேன். இதில் யார் பெரியவர் என்று தெரியாமல் கேண்டீனுக்குப் புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள்.

இருவரும் ஓய்வு பெற்ற மறு வருஷம், பேக்கரி வாசலில் உங்கள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் அக்கா மகன் அனுப்பிய படம். மஞ்சள் நிறக் கார், மேலே கூரை திறந்து கிடந்தது, இரண்டே இருக்கை.

“வெலையப் பாருங்க அண்ணாச்சி. பழசுதான், ஆனா அங்க இது நம்மூரு சின்ன கார் வெலை. இங்க மட்டும் ஏன் வீட்டு வெலை சொல்றான்? நடுவுல எவன் திங்கறான்?”

“தெரியலையே அண்ணே.”

“தெரிஞ்சிக்கிட்டு வாங்க. உங்களுக்கு வேற என்னா வேலை? முப்பது வருஷம் அடுத்தவன் மெஷினையே ரிப்பேர் பண்ணியாச்சு. கெலமங்கலத்து துண்டு நெலத்த வித்தாச்சும் இதுல ஒரு வாட்டி உக்காந்துடணும்.”

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். நிலத்தைப் பார்க்க ஆள் வந்துபோனதாக அடுத்த வாரம் அண்ணி சொன்னபோதுதான் விளையாட்டில்லை என்று தெரிந்தது. என் தாளை நம்பி ஒருவர் நிலத்தை விற்கப் போகிறார்.

ஒரு மாதம் படித்தேன். குவாலிட்டி ரிப்போர்ட் எழுதுகிற பழக்கத்தில், ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகே தாளில் ஏற்றினேன். பிறகு கெலவரப்பள்ளி அணைக்கரையில் உட்கார்ந்து உங்களுக்குப் படித்துக் காட்டினேன். ஜப்பானில் கார் பழசாக ஆக, அதை ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்கும் சோதனைக்கும் பழுதுக்கும் செலவு ஏறுகிறது. அதனால் நன்றாக ஓடுகிற வண்டியையே தள்ளிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள், வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்கிறது. கூரையில்லாத காரை மழையிலும் குளிரிலும் யார் கேட்பார்கள்? துபாயில் வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம், நம் ரோட்டுக்கு ஆகாது. நம் நாட்டிலோ புதிய காரின் மேலேயே சுங்கவரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழைய கார் அந்த விலையைப் பார்த்துத்தான் தன் விலையைச் சொல்கிறது. வெளிநாட்டுப் பழைய வண்டியை வரவழைக்கலாம் என்றால், மூன்று வருஷத்துக்கு மேல் பழசானதை உள்ளே விடமாட்டார்கள்.

நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். கடைசியில், “அப்போ வெலை கார்ல இல்லீங்க அண்ணாச்சி. அது நிக்கிற எடத்துல இருக்குது” என்றீர்கள். என் நான்கு தாளும் ஒரு வரியில் முடிந்துவிட்டன.

வெளிநாட்டை விட்டுவிடலாம், பெங்களூரில் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கலாம் என்று மெல்லச் சொன்னேன். குழியும் வேகத்தடையும் காரின் அடிவயிற்றில் உரச, ஆசை தீர்ந்தவர்கள் சீக்கிரமே விற்கிறார்கள், வாங்க ஆள் குறைவு, ஆகவே விலை இறங்கும் என்பது நான்காம் தாளின் முடிவு. இரண்டே வாரத்தில் நீங்கள் ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள். அதே மஞ்சள். நிலம் கைமாறியது. வெள்ளிக்கிழமை வண்டி எடுப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை எங்கள் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் கேட்டார்: “கர்நாடகா வண்டியா சார்? நம்ம பக்கம் வெச்சி ஓட்டணும்னா மறுபடியும் ரோடு டாக்ஸ் கட்டணுமே. நீங்க குடுத்த வெலைக்கு இல்ல, புதுசுல அது என்னா வெலையோ அதை வெச்சில்ல போடுவாங்க.”

ஓசூருக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் பல் டாக்டருக்கும் நாம் தாண்டுகிற அத்திப்பள்ளியை ஓர் எல்லை என்று நான் நினைத்ததே இல்லை. ஜப்பானை இரண்டு இடத்தில் சரிபார்த்தவன், பத்து கிலோமீட்டரில் இருப்பதை எங்கும் கேட்கவில்லை. நிலம் விற்ற பணம் முழுவதும் காருக்கே போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

உடனே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். புதனும் வியாழனும் இப்படியே போயின. வெள்ளியன்று உங்களோடு பெங்களூர் போய், கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கூரையைத் திறந்து வைத்து, உங்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஓட்டி வந்தீர்கள். அத்திப்பள்ளி மேம்பாலம் தெரிந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“அண்ணே, நிறுத்துங்க. வண்டியை ஓரமா நிறுத்துங்க.”

“என்னாச்சி, வாந்தி வருதா?”

சொன்னேன். செவ்வாயே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். லாரிகள் நம்மை உரசிக்கொண்டு போயின. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை நீங்கள் எடுக்கவில்லை. முப்பது வருஷம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று பயந்து திரும்பினால், சிரிப்பு.

“ஜப்பானுக்குப் போனீங்க, துபாய்க்குப் போனீங்க, டெய்லி கொத்துமல்லி வாங்கற ஊர வுட்டுட்டீங்களே அண்ணாச்சி. சரி வுடுங்க. என் மச்சினன் வூடு இங்கதான, கர்நாடகா பக்கமே. அவன் கொட்டாய்ல மாடு ரெண்டு நிக்குது, இதுவும் நிக்கட்டும்.”

நின்றது. ஞாயிறுதோறும் ஓசூரில் டவுன் பஸ் ஏறி அத்திப்பள்ளியில் இறங்கி, மேலே விழுந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, சர்ஜாபுரம் வரை போய்த் திரும்பினோம். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்காக பஸ்ஸுக்கு நின்றவர்கள் நம் இருவரைத் தவிர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து வரி கட்டப் பணம் சேர்ந்தபோதும் நீங்கள் கட்டவில்லை. “இங்க கொண்டாந்தா உங்க அண்ணி ரேஷனுக்கு அனுப்பிடுவா” என்றீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. சென்ற மாதம் அண்ணி கூப்பிட்டு, உங்கள் மச்சினன் காரை வாங்க ஓர் ஆளைக் கொண்டுவந்திருக்கிறார், காருக்கு என்ன கேட்கலாம் என்றார்கள். கணக்குப் போட்டு ஒரு விலை சொன்னேன். மறுநாள் விடிந்ததும்தான் உறைத்தது. அந்தக் காரைத் தயாரிப்பதையே கம்பெனி நிறுத்திவிட்டது. இருப்பது குறையக் குறைய, தேடுகிறவர்கள் கூடுவார்கள். நான் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

காபிகூடக் குடிக்காமல் உங்கள் வீட்டுக்கு நடந்தேன். அண்ணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். “அண்ணி, நேத்து சொன்னது தப்பு. இன்னும் அதிகமாவே கேக்கலாம்” என்றேன்.

அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்கள். “நான் இன்னும் எதுலயும் கையெழுத்துப் போடலீங்க. அவரே சொல்லி வெச்சிட்டுத்தான் போனாரு. அண்ணாச்சி எது சொன்னாலும் மூணு நாள் பொறு, நாலாம் நாள் வந்து திருத்துவாருன்னு. நீங்க என்னா, மறுநாளே வந்துட்டீங்க?”

வாசலில் நின்றபடியே சிரித்தேன். மிச்சமான அந்த இரண்டு நாள், அன்று அத்திப்பள்ளியில் நீங்கள் கோபப்படாமல் சிரித்த சிரிப்பிலிருந்து வந்ததுதான் அண்ணே. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள்
அண்ணாச்சி