அப்பா சொல்ல மறுத்த வரி

ஜனவரி 6, டன்டி

பண்டிகைக்கால நாடகம் நேற்றோடு முடிந்தது. ஐம்பத்தெட்டு காட்சிகள். ஐம்பத்தெட்டிலும் நான் பசுமாட்டின் பின்பாதி. முன்பாதி ரோரி. தலையும் கண்சிமிட்டலும் கைதட்டலும் அவனுக்கு. குனிந்த முதுகும் வாலும் எனக்கு. ஆனாலும் குழந்தைகள் சிரித்தபோதெல்லாம் துணிக்குள்ளே நானும் சிரித்தேன். பிரியும்போது ரோரி மாட்டின் வாலை வெட்டி, காகிதம் சுற்றிப் பரிசாகக் கொடுத்தான். கட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டேன்.

அப்பா மூன்று முறை வந்து பார்த்தார். "பின்னங்கால் ரெண்டும் நல்லா நடிச்சுதும்மா" என்றார். கிண்டல்தான். ஆனால் மூன்று முறை வந்தாரே!

இதையும் எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக: பிப்ரவரி முடிவதற்குள் என் முகம் தெரிகிற ஒரு வேடம் கிடைக்காவிட்டால், கால் சென்டரில் தருவதாகச் சொன்ன நிரந்தர வேலையில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வயது இருபத்து நான்கு ஆகிறது.

ஜனவரி 21

இப்போதெல்லாம் நடிப்புத் தேர்வுக்கு யாரும் நேரில் கூப்பிடுவதில்லை. வீட்டிலேயே நடித்து, போனில் படம் பிடித்து அனுப்பவேண்டும். எதிரே நடிப்பவரின் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்று யாராவது படிக்கவேண்டும். சும்மா படிக்கவேண்டும், நடிக்கக் கூடாது. எனக்கு அம்மா படிப்பாள். அங்கேதான் வம்பு. போன முறை போலீஸ்காரர் வசனத்தை அழுதுகொண்டே படித்தாள். வேடம் கேட்பது இவர்களில் யார் என்று என் ஏஜென்ட் பினெல்லாவிடம் கேட்டார்களாம்.

பிப்ரவரி 2

மழை. போன் வரவில்லை. அம்மா செய்த உருளைக்கிழங்குக் கூட்டு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 11

பினெல்லா கூப்பிட்டாள். ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடர். மீனவர் ஒருவரின் மகள் வீட்டைவிட்டுப் போகிறாள், அப்பா தடுக்கிறார். அந்த ஒரு காட்சி. பதின்மூன்றாம் தேதி நண்பகலுக்குள் அனுப்பவேண்டும். இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பயமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 13

முதலிலிருந்து எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று அவளை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் அப்பா மட்டும். ஒரு மணிக்கு அவர் பஸ் ஓட்டப் போகவேண்டும். இஸ்திரி மேசைமேல் புத்தகங்களை அடுக்கி, போனைச் சாய்த்து வைத்து, அவரைக் கூப்பிட்டேன். தனக்கு நடிப்பெல்லாம் வராது என்றார்.

"நடிக்கவே வேண்டாம்ப்பா. ஸ்டாப் பேர் சொல்ற மாதிரி சொல்லுங்க, போதும்."

அப்படியே சொன்னார். "போறதுன்னா போ. இனிமே எனக்கு மகளே கிடையாது." ஏதோ சந்தை நிறுத்தம் வந்துவிட்டது போல. மூன்று முறை எடுத்தோம். மூன்றாவது சுத்தமாக வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று கேட்டேன்.

நான்காவதில் அந்த வரி வந்ததும் அப்பா நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். நான் காத்திருந்தேன். பிறகு அவருடைய சொந்தக் குரலில் சொன்னார்: "சூப் அடுப்பில இருக்கு. குடிச்சிட்டுப் போ."

அடுப்பில் நிஜமாகவே பருப்பு சூப் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. என் வசனம் மறந்தே போனது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"மூணு தடவை சொன்னதே தொண்டையில நிக்குது. நாலாவது தடவை நான் சொல்ல மாட்டேன்மா."

மணி 11.52. அவசரமாக அனுப்பினேன். அப்பா வேலைக்குப் போனார். அப்புறம்தான் பார்த்தேன் — அனுப்பினது நாலாவதை. மூணாவதை இல்ல, நாலாவதை! மூக்கைத் துடைச்சதை!

பினெல்லாவிடம் கெஞ்சினேன். "ஒண்ணுக்கு மேல அனுப்பக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்காங்களே கண்ணு" என்றாள். அவ்வளவுதான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 14

எப்படிப் போனது என்று அப்பா கேட்டார். நன்றாகப் போனது என்றேன். வேறு என்ன சொல்வது? அவருக்கு வருமே அந்தக் குற்ற உணர்ச்சி, அதை நான் பார்க்க மாட்டேன்.

பிப்ரவரி 24

கால் சென்டர் படிவத்தை நிரப்பினேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

பிப்ரவரி 27

கிளாஸ்கோவிலிருந்து திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். அந்தத் தொடரின் இயக்குநர் நேரில் கூப்பிட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். உட்கார்ந்ததும் வசனம் மாறிப்போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். கேமராவுக்குப் பின்னால் இருந்த நடிகர் யார் என்று அவர் கேட்டார். நடிகர் இல்லை, பஸ் ஓட்டுபவர், என் அப்பா என்றேன்.

"அவர் சொன்னதை நீங்க கேட்ட விதம் இருக்கே, அதை நான் ஒன்பது தடவை பார்த்தேன்" என்றார்.

வேடம் எனக்குத்தான்.

படிவத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வேறு காகிதம் இல்லை. அம்மா, பினெல்லா, அந்த உடம்பு சரியில்லாத நர்ஸ், எல்லோருக்கும் நன்றி. மாட்டு வாலுக்கும்.

மே 7, ஆர்ப்ரோத்

இன்று அந்தக் காட்சி. காலையில் மாற்றிய பக்கங்கள் வந்தன. பழைய வரியைக் காணோம். அந்த இடத்தில் சூப் இருந்தது. தகப்பனாக நடிப்பவர் அந்த வரியைச் சொன்னதும் படப்பிடிப்பில் யாரும் இருமக்கூட இல்லை. அனுப்பியது நாலாவதைத்தான் என்று, மூன்று மாதமாக மறைத்ததை மதியம் போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"பருப்பு சூப்தானே வெச்சாங்க? தக்காளி சூப்பை வெச்சு மானத்தை வாங்கிடலியே?"

மூக்கடைத்த குரல். சளி என்றார்.

செப்டம்பர் 3, டன்டி

லண்டனில் ஒரு நாடகம், ஆறு மாதம். முன்னங்காலும் இல்லை, பின்னங்காலும் இல்லை, முழு ஆள். பெட்டியை நேற்றே கட்டிவிட்டேன். அப்பா தன் வேலை முறையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றார். ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. சூப் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார்.

இரண்டு கிண்ணம் குடித்தேன். அடுத்த ரயிலில்தான் போகிறேன்.