ஜன்னலோரப் பாய்

சிவகாமி அப்பாவுக்கு,

இன்று வீட்டிலேயே தூங்குங்கள். ஜன்னலோரம் பாய் விரித்திருக்கிறேன். பாப்பாவின் மேசையையும் கரும்பலகையையும் அடுக்களைக்கு நகர்த்திவிட்டோம்.

அவளை வீட்டிலேயே படிக்கவைப்பதென்று முடிவானதும், காற்று வரும் ஒரே இடத்தை நான் வகுப்பாக்கினேன். இரவு வேலை முடிந்து நீங்கள் படுக்கும் இடம் அது என்று யோசிக்கவே இல்லை. போதாததற்கு, "இந்தக் கொறட்டைக்கு நடுவுல வாய்ப்பாடு எப்பிடிச் சொல்லிக் குடுக்க?" என்று சிடுசிடுத்தேன். நீங்கள் துண்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து உங்கள் தம்பி வீட்டில் படுக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நேற்று கோயில் வாசலில் பூக்கார பேச்சியக்கா கேட்டாள்: "ஏட்டி, உன் வீட்டுக்காரவுக தெனமும் படித்துறை மண்டபத்துல படுத்துக்கெடக்காவளே, வீட்டுல எடம் இல்லையா?" பூ வாங்காமலே திரும்பிவிட்டேன். சாமி முன்னால் நிற்கக் கூசியது.

சொதியும் இஞ்சித் துவையலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு மதியம்தான் வருவோம்.

பிரேமலதா

பி.கு.: கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதுதான் இன்றைய பாடம். பாப்பா உடனே படித்துக்கொண்டாள். "நீதாம்மா இன்னும் டமார்னு சாத்துத" என்கிறாள். பழகிக்கொள்கிறேன்.