முட்டத்துக்குப் போய்வந்தோம், பாக்கியம்

என் ஒரே தங்கச்சி, தென்திருவிதாங்கூரின் முடிசூடா மகாராணி, பாக்கியத்துக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ இருக்கிற இடத்தில் நலத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அஞ்சல்காரன் மணியைக் குலுக்கிக்கொண்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கே வந்து சேரமாட்டான். அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் அச்சேற்றக் கொடுக்கிறேன். ஊரும் படிக்கட்டும். நம் வீட்டு விஷயத்தில் ஊருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

இந்தக் கோடைக்கும் முட்டத்துக் கடற்கரைக்குப் போனோம். லேசில் நடந்த காரியமில்லை அது; போர் தொடுத்துத்தான் நடத்தினேன். எதிரி வேறு யாருமில்லை. உன் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், என் மதிப்புக்குரிய மாப்பிள்ளைதான்.

"இனிமே கோடைப் பயணம் வேண்டாம் மச்சான்," என்று சொல்லிவிட்டார். "அவ நடந்த எடத்தையெல்லாம் காட்டிப் பிள்ளைகளைக் கரைஞ்சு அழ வைக்கவா?"

உன்னை எடுத்த அன்றும் அவர் இப்படித்தான். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்றார். வீட்டில் கீர்த்தனையைத் தவிர ஒரு சத்தம் கேட்கவில்லை. உன் பெண்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார்கள். மூத்தவள் கிரேஸ் மறுவாரமே அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். சின்னவள் ரூத்து மட்டும் அன்று கடித்த பல்லைத் திறக்கவேயில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள். சோறு வைத்தால் நாலு பருக்கை தின்பாள். ஏழு வயதுப் பிள்ளை அப்படி இருக்கலாமா, சொல்?

நான் விடுவேனா? அவர் வாசலில் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சத்தியாக்கிரகம் இருந்தேன். (நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்ததை நீ பெரிதுபடுத்தக் கூடாது.) கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவை போயிட்டு வாங்க. பிள்ளைக கண்ணு வீங்கித் திரும்பி வந்தா, அதோட இந்த வண்டிச் சவாரி முடிஞ்சு."

பெண்டாட்டி பிள்ளை இல்லாத எனக்கு இந்தச் சவாரியை விட்டால் வேறு என்ன ராஜ்யம் இருக்கிறது? வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் பயந்து முட்டத்துப் பங்களாவுக்கு ஓடுவதைப் பார்த்து, "தொரைமாருக்கு மட்டுந்தான் வேக்குமா அண்ணே?" என்று நீ கேட்ட அன்று தொடங்கியது அது. குழித்துறையில் ஒற்றை மாட்டு வில்வண்டியில் கோடைவாசம் போன முதல் ராஜகுடும்பம் நாம்தான். மாட்டுக்கு 'திவான்' என்று பெயர் வைத்ததும் அந்தக் கௌரவத்துக்காகத்தான். அடிக்காமல் நகரமாட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

போகிற வழியில் பத்மநாபபுரத்தில் வழக்கம்போல நிறுத்தினேன். உனக்கு நினைவிருக்கும், நாம் போன காலத்தில் வெளியே நின்று கோட்டைச் சுவரையும் மணிக்கூண்டையும் பார்ப்பதோடு சரி. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வண்டியில் உட்கார்ந்தபடி நான்தான் அறை அறையாக விவரிப்பேன். ஆயிரம் பேர் உண்ணும் மண்டபம் என்பேன். "நூறு," என்பாய். அண்ணன் சொல்வதைப் பத்தால் வகுத்தால் உண்மை வரும் என்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே சொல்லிக்கொடுத்திருந்தாய்.

இப்போது சர்க்கார் அரண்மனையைப் பழுதுபார்த்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது, பாக்கியம்! கிரேஸ் என் துண்டைப் பிடித்து இழுத்தாள். "வாங்க மாமா, நீங்க சொன்னதெல்லாம் இருக்கான்னு பாத்திருவோம்." தூக்குமரத்துக்குப் போகிறவன்போலப் போனேன்.

அங்கே நடந்த அவமானத்தை என்னவென்று சொல்ல? நான் சொன்னதெல்லாம் இருந்தது. என்னைவிடப் பெரிதாக இருந்தது! காவல்காரக் கிழவர் ஊட்டுப்புரை என்கிற அந்த உணவு மண்டபத்தைக் காட்டி, "ரெண்டாயிரம் பேரு ஒரே சமயம் இருந்து உண்ணுவாவ," என்றார்.

"அப்ப இருநூறு," என்றாள் கிரேஸ்.

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருநூறா? ஆரு பிள்ளே உனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது?"

"ஏட்டி, அவரு மாமா இல்லட்டி, அவரு சொல்லுதத வகுக்காத," என்றேன் நான்.

ராஜாவின் கட்டில் வெறும் சந்தனம் என்று நான் சொல்லிவந்தேன் அல்லவா? அறுபதுக்கு மேற்பட்ட மூலிகை மரங்களை இழைத்துச் செய்ததாம். தரை வழுக்கும் என்பதோடு என் கற்பனை நின்றுபோயிருந்தது. அவர்களோ தேங்காய்ச் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற கண்ணாடியாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். நாட்டிலேயே பெரிய பொய்யன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன், இத்தனை காலமும் அரண்மனையைக் குறைத்தல்லவா சொல்லியிருக்கிறேன்! என் முகம் போன போக்கைப் பார்த்துக் கிரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரூத்து சிரிக்கவில்லை. ஆனால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். போரில் பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முட்டத்தில் தோற்றேன்.

பாறைக்குப் பக்கத்தில் நமக்குப் பாதி வீட்டை ஒழித்துக்கொடுப்பாளே, வலைக்காரர் பெண்டாட்டி மரியம்மை, அவளுக்கு உன் செய்தி எட்டவில்லை. நம் பக்கத்திலிருந்து அவளிடம் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வண்டிச் சத்தம் கேட்டதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நாங்கள் மூவரும் இறங்கினோம். அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க, டீச்சரம்மா எறங்கல்லியா? உள்ள கெடந்து உறங்குதாளா?"

முட்டத்துக் கலங்கரை விளக்கின் வெளிச்சத்தில் கொழும்பில் பெண்கள் அரிசியில் கல் பொறுக்குகிறார்கள் என்று சத்தியம் செய்த வாய் இது. திறந்தேன். காற்றுதான் வந்தது.

"அம்மை செத்துப்போச்சு மாமி," என்றது ரூத்து.

மரியம்மை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நெஞ்சில் அறைந்துகொண்டு ஒரு குரல் எடுத்தாள் பார், அதுபோல ஒரு குரல் நம் வீட்டில் எழவேயில்லை. "எம் பொன்னே, எங்கிட்ட ஒரு வாக்குச் சொல்லாம போனியே! ஒனக்குன்னு நெய்மீனு வாங்கி வச்சிருக்கேனே, இனி ஆருக்கு வெப்பேன்? இந்தப் பிஞ்சுகள விட்டுப்போக ஒனக்கு எப்பிடி மனசு வந்து?" அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். பாதிப் பேருக்கு உன்னைத் தெரியாது. அவர்களும் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அழுதார்கள்.

மரியம்மை ரூத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "கரைஞ்சிரு மக்கா. ஒன் அம்மைக்கு நீ கரையாம ஆரு கரைவா?"

அதுவரைதான் பிள்ளை தாங்கினாள். பிறகு கடலுக்கே கேட்கிறமாதிரி அழுதாள். கிரேஸும் அழுதாள். நான் அழுததில் கடல் ஒரு பனை உயரம் ஏறி, மூன்று ஊர் வள்ளங்களைத் தென்னை உச்சியில் கொண்டுபோய் வைத்தது. வகுக்க வேண்டாம், பாக்கியம். இது ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்.

பொழுது சாய்ந்ததும் உனக்கு வைத்திருந்த நெய்மீனைக் குழம்பு வைத்து எங்களுக்கு விளம்பினாள். ரூத்து தட்டை வழித்துவிட்டு, "மாமி, இன்னும் கொஞ்சம் சோறு," என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வேண்டுமென்றே திவானுக்குத் தண்ணீர் காட்டினேன், அவனுக்குத் தாகம் இல்லாவிட்டாலும்.

மறுநாள் திரும்பி வருகிற வழியெல்லாம் என் தொழிலைப் பார்த்தேன். கடற்காற்று, மணல், மரியம்மை வீட்டு வெங்காயம் என்று உன் வீட்டுக்காரருக்கு வகைவகையாகப் பொய் தயார் செய்தேன். தக்கலை தாண்டும்போதே ஒரு கூடை நிறைந்துவிட்டது. கிரேஸ் முகத்தைப் பார்த்தேன், ரூத்தைப் பார்த்தேன். எந்தப் பொய்யாலும் மூடமுடியாத வீக்கம்.

இன்று சாயங்காலம் வாசலில் வண்டி நின்றது. ஹெட்மாஸ்டர் திண்ணையிலிருந்து இறங்கிவந்து ரூத்தின் நாடியைத் தூக்கி முகத்தைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"அது மாப்பிளே, இந்த வருசம் கடக்காத்து கொஞ்சம்..."

"இல்லப்பா," என்றாள் ரூத்து. "நாங்க கரைஞ்சோம். நல்லா இருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். திரும்ப மாட்டவில்லை. ரூத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மரியம்மை மாமி என்னவெல்லாம் சொல்லி அழுதாள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அத்தனை பேச்சு அவள் வாயிலிருந்து வந்து எத்தனை மாதமாயிற்று! நான் நுகத்தடியில் கைவைத்து மாட்டை அவிழ்க்கப் போனேன். என் ராஜ்யம் போயிற்று, போகட்டும், பிள்ளை பேசுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

"மாட்ட அவுக்காதீங்க மச்சான்," என்றார் அவர். "என்னையும் அங்க கொண்டு விடுங்க."

திவான் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நாள் முழுக்க இழுத்தவன் அவன். மாப்பிள்ளையிடம் கெஞ்சிக் கூத்தாடி விடியும்வரை தவணை வாங்கியிருக்கிறேன். இதை எழுதும்போது வைக்கோலைத் தின்றுகொண்டே என்னை முறைக்கிறான். உள்ளே கிரேஸ் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்கிறாள். உன் வீட்டுக்காரர் பெட்டியில் என்ன எடுத்துவைப்பது என்று தெரியாமல் உன் சேலை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கவலைப்படாதே. வெயில் உச்சிக்கு ஏறுமுன் தக்கலையைத் தாண்டிவிடுவேன். அரண்மனையில் நிறுத்தமாட்டேன், வாயைத் திறந்து ஒரு கதையும் சொல்லமாட்டேன். மரியம்மை வாசலில் அவரைப் பத்திரமாக இறக்கிவிடுவேன். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உனக்கு முன்னே பிறந்தும் பின்னே தங்கிவிட்ட,
உன் பெண்களுக்குத் தாய்மாமன்,
உன் அண்ணன்.