பீரங்கிப் பக்கம் நின்ற பச்சைச் சேலை

அன்புள்ள மகன் இளஞ்செழியனுக்கு,

அம்மா ஒச்சம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அந்த எல்லைப் பனியில் நீ சுகமாகக் காவல் இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான். நான் ஒன்று சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்துகிறார், அதனால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனோம். கோட்டை பார்க்க இல்லை, உனக்குப் பெண் பார்க்க. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணின் பேர் கெடும், எதேச்சையாகச் சந்தித்ததுபோல இருக்கட்டும், அங்கே பேரெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று தரகர் நாச்சிமுத்து சொல்லியிருந்தார். பெண் பேர் பவித்ராவாம், பச்சைச் சேலையில் பீரங்கிப் பக்கம் நிற்பாளாம். போட்டோ அனுப்புகிறேன் என்றவரிடம், போட்டோவில் எல்லோரும் அழகுதான், நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயடித்தது நான்தான்.

பாறையில் ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பீரங்கிப் பக்கம் பச்சைச் சேலையில் ஒரு பெண் அப்பா அம்மாவோடு நின்றாள். பைய வாங்கத்தை, வழுக்கும் என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம் என்றார் அவள் அம்மா. வெடிமருந்துக் கிடங்கு, இடிந்த மண்டபம் எல்லாம் சேர்ந்தே சுற்றினோம். உன் அப்பா திப்பு சுல்தானோடு ஒன்றாகப் படித்தவர்போல அளந்துவிட்டார். அவள் சிரிக்காமல் கேட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இறங்கும்போது பையிலிருந்த மல்லிகையை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டேன். பூ வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அவள் அம்மா கண் கலங்கினார்.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். வண்டி ரிப்பேராகிப் பவித்ரா வீட்டார் கோட்டைக்கு வரவே இல்லைங்க, கோவிச்சுக்காதீங்க என்றார். எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் அந்த வீட்டாரும் வேறு யாரோ மாப்பிள்ளை வீட்டுக்குக் காத்திருந்து, நாங்கள்தான் அது என்று நினைத்துவிட்டார்கள்.

ஆள் மாறி வச்ச பூவுக்கு நாம என்ன செய்ய, வளர்பிறையில பவித்ராவப் பாத்துருவோம் என்கிறார் உன் அப்பா. அதுவும் நியாயம்தான். பவித்ரா என்ன பாவம் செய்தாள்? பூவோடு வீட்டுக்குப் போனவள் மட்டும் என்ன பாவம் செய்தாள்? ஒரு நேரம் இப்படித் தோன்றுகிறது, ஒரு நேரம் அப்படி. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரிய மாட்டேன் என்கிறது.

கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ, உன் முடிவுதான். ஆனால் அப்பா கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதே அப்பு. யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று தினமும் சாமியிடம் வேண்டுகிறேன். பவித்ரா பேரைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை பேரைச் சொல்லலாம் என்றால், அது எனக்குத் தெரியாதே.

உன் அம்மா